ஓபன்பிஎஸ்டி 7.7: சின்னப் பிழை என்று எதையும் விடாதவர்களின் ஓஎஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு வீட்டு லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸை அழித்து ஓபன்பிஎஸ்டி என்ற இந்த இலவச ஓஎஸ்ஸை (ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டுவிடாதீர்கள். ப்ளூடூத் கிடையாது. என்விடியா கார்டு இருந்தால் அதற்கு டிரைவர் கிடையாது. ஓடிடி தளங்கள் கேட்கும் வைட்வைன் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு கிடையாது, அதனால் ராத்திரி படம் பார்க்க வேறு மெஷின் வேண்டும். இத்தனை கிடையாதுக்குப் பிறகும் ஏன் ஒரு விமர்சனம் என்றால், ஓஎஸ்ஸில் வரும் ஒவ்வொரு பிழையையும் செக்யூரிட்டி ஆபத்தாகவே பார்க்க வேண்டுமா என்று ஒரு பழைய சண்டை இருக்கிறதே, அதற்கு வாயால் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் ஒரு முழு ஓஎஸ்ஸையே கட்டிக் காட்டியவர்கள் இவர்கள். அந்தப் பதில் புழக்கத்தில் எவ்வளவு தாங்குகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். மற்றபடி டெஸ்க்டாப் தீம், பூட் ஆகும் வேகம் பற்றியெல்லாம் வேறு யாராவது எழுதட்டும்.

கதைச் சுருக்கம்: நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு ஓஎஸ் குழுவோடு மோதி வெளியே வந்த தியோ டி ராட் 1995-ல் தொடங்கியது. கனடாவின் கால்கரியிலிருந்து இன்றும் அவர்தான் நடத்துகிறார். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, 7.7 வந்தது 2025 ஏப்ரலில். 1996-லிருந்தே ஒரு சின்னக் குழு சோர்ஸ் கோடை ஃபைல் ஃபைலாக எடுத்து வாசித்துக்கொண்டே இருக்கிறது. எதைத் தேடி வாசிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். நாங்கள் தேடுவது செக்யூரிட்டி ஓட்டைகளைக்கூட இல்லை, வெறும் பிழைகளைத்தான், பிழை என்பதற்காகவே சரிசெய்த ஒன்று சில வருடம் கழித்து ஓட்டை என்று யாராவது நிரூபித்தால் இன்னும் சந்தோஷம் என்கிற மாதிரி அவர்களுடைய தளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது "இது ஆபத்தானதா?" என்ற கேள்வியையே கேட்பதில்லை. தப்பாக இருக்கிறதா, சரிசெய். அவ்வளவுதான்.

நான் இதை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று பழைய திங்க்பேட், இன்னொன்று நான்கு ஈதர்நெட் போர்ட் உள்ள விசிறி இல்லாத சின்னப் பெட்டி, வீட்டுக்கு ரவுட்டராக. இன்ஸ்டால் செய்வது கருப்புத் திரையில் கேள்வி பதில் மட்டும்தான், பெரும்பாலான கேள்விகளுக்கு என்டர் தட்டினாலே போதும், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ரவுட்டராக இது ராஜா. பிஎஃப் என்ற ஃபயர்வால் இங்கேதான் 2001-ல் பிறந்தது, அதன் விதிகளை வாசித்தால் மனுஷ பாஷை மாதிரி இருக்கும். மேன் பக்கங்கள் என்று கூடவே வரும் கையேடு அவ்வளவு ஒழுங்கு, நெட்டில் தேட வேண்டிய வேலையே இல்லை. இங்கே கையேட்டில் எழுத்துப் பிழை இருந்தாலும் பேட்ச் (திருத்தம்) அனுப்பலாம், வாங்கிக்கொள்வார்கள்.

லேப்டாப்பில்தான் பொறுமை வேண்டும். பயர்பாக்ஸ், குரோமியம் இரண்டும் ஓடும், நோட்டோ எழுத்துரு போட்டால் தமிழ் அழகாகத் தெரியும், ஆனால் ஒரு ஃபைலை அப்லோடு செய்யப் போனால் குரோமியத்துக்கு டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் டெம்ப் ஃபோல்டரும் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. அன்வெயில் என்று ஒரு வசதி, ஒரு செயலி எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம் என்பதை ஓஎஸ்ஸின் மையமான கர்னலே பூட்டி வைத்துவிடும். கூடவே ப்ளெட்ஜ், கர்னலிடம் இன்னின்ன வேலை (சிஸ்டம் கால்) மட்டும்தான் கேட்பேன் என்று செயலி முன்கூட்டியே வாக்குக் கொடுக்கும், மீறினால் கர்னல் அந்த இடத்திலேயே அதைக் கொன்றுவிடும். முதலில் எரிச்சல் வரும், அப்புறம் பழகிவிடும்.

ஜர்னலிங் (செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைப்பது) இல்லாத ஃபைல் சிஸ்டம் மட்டும் எனக்குப் பழகவே இல்லை. கரண்ட் போய் வந்தால் டிஸ்க் முழுக்க எஃப்எஸ்சிகே என்ற சோதனை ஓடி முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், சில சமயம் அது நடுவில் நின்று கையால் பதில் கேட்கும். பக்கத்தில் மானிட்டரே இல்லாத ரவுட்டருக்கு இது நடந்தால் கேட்கவே வேண்டாம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் இதை வைக்காதீர்கள். 2025-லும் இப்படி என்பதற்கு இவர்களிடம் நல்ல பதில் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

இன்னொன்று, வெளியிலிருந்து வரும் செயலிகள் இங்கே மற்ற இடங்களைவிட அதிகமாக க்ராஷ் ஆகும். லினக்ஸில் ஒழுங்காக ஓடியது இங்கே விழுந்தால் புதிதாக வருகிறவர் ஓஎஸ்ஸைத்தான் திட்டுவார். நிஜத்தில் அந்தச் செயலி அங்கேயும் தப்புதான் செய்துகொண்டிருந்தது, விடுவித்த மெமரியை மறுபடி தொடுவது, எல்லை தாண்டி ஒரு பைட் எழுதுவது மாதிரி. இங்கே மெமரியைக் கொடுக்கும் மாலாக் அந்த மாதிரித் தப்பைச் சகித்துக்கொள்வதில்லை. பிழை ஒளிந்திருக்க இடம் கொடுக்கக் கூடாது என்ற பிடிவாதத்துக்குப் பயனர் கொடுக்கும் விலை இது.

இப்போது பேட்ச் பட்டியலுக்கு வருவோம், இந்த ஓஎஸ்ஸில் நான் அடிக்கடி பார்க்கும் பக்கம் அதுதான். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு பட்டியல், ஒவ்வொரு திருத்தத்துக்கும் மேலே ஒரு முத்திரை: நம்பகத்தன்மைக்கான திருத்தம் அல்லது பாதுகாப்புக்கான திருத்தம். அட, பிரித்துப் பார்ப்பதில்லை என்றீர்களே என்று கேட்பீர்கள். முத்திரை இருக்கிறது, ஆனால் வரிசை ஒன்றுதான். சிஸ்பேட்ச் என்று அடித்தால் இரண்டு வகையும் சேர்ந்தே இறங்கும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் போதும் என்று பொறுக்கியெடுக்கும் வசதியே கிடையாது. இதை ஒரு குறை என்று நினைப்பவர்கள் 2007-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வருடம் பிப்ரவரியில் கோர் செக்யூரிட்டி என்ற நிறுவனத்தின் ஆட்கள் ஓபன்பிஎஸ்டியின் ஐபிவி6 என்ற நெட்வொர்க் கோடில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஒருவகை பாக்கெட்டை அனுப்பினால் கர்னல் விழுந்துவிடும். குழு உடனே சரிசெய்துவிட்டது, ஆனால் க்ராஷ்தானே என்று நம்பகத்தன்மைத் திருத்தம் என்ற முத்திரையோடு வெளியிட்டார்கள். கோர் ஆட்கள் விடவில்லை, அதே பிழையை வைத்து கர்னலுக்குள் தங்கள் கோடையே ஓட்டிக் காட்டினார்கள். மார்ச்சில் முத்திரை மாறியது, தளத்தின் முகப்பு வாசகமும் மாறியது: ரிமோட் ஓட்டைகள், அதாவது நெட் வழியாகத் தூரத்திலிருந்தே நுழையும் ஓட்டைகள், இரண்டே இரண்டுதான் என்று அன்று ஏறிய எண்ணிக்கை இன்றும் அப்படியே இருக்கிறது. முதல் ஓட்டை 2002-ல், தூரத்திலிருந்து சர்வருக்குள் லாகின் செய்ய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் வந்தது. ப்வ்னி விருதுகள் என்று செக்யூரிட்டி ஆட்கள் நையாண்டியாகக் கொடுக்கும் விருது 2007-ல்தான் தொடங்கியது, மிக மோசமான பதில் சொன்னவர் என்ற பிரிவில் முதல் விருது ஓபன்பிஎஸ்டிக்கே. பிழைகளை வாசித்து வாசித்தே பேர் வாங்கியவர்களுக்குக்கூட எது வெறும் க்ராஷ், எது ஓட்டை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியவில்லை என்றால், ஒரு சாதாரண கம்பெனியில் வாராந்திர மீட்டிங்கில் உட்கார்ந்து "இது செக்யூரிட்டி இஷ்யூ இல்லை, அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்" என்று தள்ளிவிடும் மேனேஜருக்கு எப்படித் தெரியும்? ஆனால் பேட்சை உடனே போட்டவர்களுக்கு முத்திரை எது என்பது பொருட்டே இல்லை. அவர்கள் மெஷினில் பிழை அப்போதே போய்விட்டது.

முத்திரை குத்தும் ஆளின் திறமைக் குறைவு மட்டும் காரணம் என்றால் நல்ல ஆளாகப் போட்டால் சரியாகிவிடும். சிக்கல் என்னவென்றால், இன்று நிஜமாகவே ஆபத்தில்லாத பிழை நாளை ஆபத்தாக மாறலாம், அதைச் சுற்றி இருக்கும் கோடு மாறுவதால். லினக்ஸில் வந்த டர்ட்டி பைப் என்ற ஓட்டையைவிட இதற்கு நல்ல சாட்சி கிடையாது. ஜெர்மனியில் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மேக்ஸ் கெல்லர்மன் என்பவருக்கு 2021-ல் வந்த புகார், டவுன்லோடு செய்த லாக் ஃபைலைப் பிரிக்க முடியவில்லை, ஃபைல் கெட்டிருக்கிறது என்று சொல்லும் சிஆர்சி பிழை வருகிறது என்பது. இதைவிடச் சப்பையான புகார் ஒன்று உண்டா? ஃபைலைச் சரிசெய்துவிட்டு மூடியிருக்கலாம். ஆனால் அதே மாதிரி மறுபடி மறுபடி வந்தது, ஒவ்வொன்றிலும் கடைசி எட்டு பைட்தான் கெட்டிருந்தது, அந்த எட்டு பைட்டும் ஒரு ஜிப் ஃபைலின் தலைப்புப் பகுதியில் இருக்க வேண்டியவை. மனுஷன் மாதக்கணக்கில் தோண்டி கர்னல்வரை போனார். 2016-ல் 4.9 கர்னலில் பைப் (செயலிகளுக்கு இடையே தகவல் கடத்தும் வழி) சம்பந்தப்பட்ட இடத்தில் ஃப்ளாகுகள் (ஆன்/ஆஃப் குறிகள்) இருக்கும் பகுதிக்கு ஆரம்ப மதிப்பு கொடுக்க மறந்திருக்கிறார்கள். அப்போது இருந்த ஃப்ளாகுகளால் எந்தத் தொந்தரவும் வராது, எந்த நிபுணரைக் கேட்டாலும் "பிழைதான், ஆனால் ஒன்றும் ஆகாது" என்றுதான் சொல்லியிருப்பார், அது உண்மையும்கூட. 2020-ல் 5.8 கர்னலில் வேறு யாரோ வேறு காரணத்துக்காகப் புதிதாக ஒரு ஃப்ளாகைச் சேர்த்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து, வாசிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபைலில் எவரும் எழுதலாம், அதை வைத்து ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர், ஆகலாம். 2022 மார்ச்சில் அவர் வெளியிட்டபோது ஆண்ட்ராய்டு போன்வரை பதறியது.

இதே ஜாதிதான் 2018 பிப்ரவரியில் ஐபோன்களைச் சாய்த்த அந்தத் தெலுங்கு எழுத்தும். ஒரே ஒரு கூட்டெழுத்தை மெசேஜில் அனுப்பினால் செயலி படுத்துவிடும், நோட்டிஃபிகேஷனில் வந்தால் போனே தடுமாறும். நம் ஊரிலும் அதை அனுப்பி விளையாடியவர்கள் உண்டு. எல்லாரும் கேலியாகத்தான் பார்த்தார்கள். சில நாளில் ஆப்பிள் ஐஓஎஸ் 11.2.6 வெளியிட்டபோது, அந்த எழுத்துச் சரத்தால் மெமரி கெட்டுப்போக வாய்ப்பிருந்தது என்று செக்யூரிட்டி குறிப்பிலேயே ஒத்துக்கொண்டது. இந்திய மொழி எழுத்து சரியாக வரவில்லை என்று நாம் வருடக்கணக்கில் போடும் புகார்களெல்லாம் "அழகு சம்பந்தப்பட்டது" என்று கீழே தள்ளப்படுவதை நினைத்தால் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

ஓபன்பிஎஸ்டி பக்கம் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது. 2024 ஜூலையில் குவாலிஸ் என்ற செக்யூரிட்டி நிறுவனத்தின் ஆட்கள் ரெக்ரெஷன் என்று பேர் வைத்து ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரு பெரிய ஓட்டையை வெளியிட்டார்கள். லாகின் செய்யாமல் 120 விநாடி இழுத்தடித்தால் ஒரு சிக்னல் கையாளும் ஃபங்ஷன் ஓடும், அது லாக் எழுத சிஸ்லாக் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும், லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியில் அந்தச் சமயத்தில் அதைக் கூப்பிடுவது பத்திரம் இல்லை, சரியான நொடியில் மாட்டினால் ரூட் கிடைக்கும். 2006-ல் அடைத்த அதே ஓட்டை, 2020-ல் கோடை மாற்றும்போது தெரியாமல் மறுபடி திறந்துவிட்டது. ஓப்பன்எஸ்எஸ்எச்சை எழுதுவதே ஓபன்பிஎஸ்டி ஆட்கள்தான், ஆனால் ஓபன்பிஎஸ்டியில் இந்தத் தாக்குதல் பலிக்கவில்லை. சிக்னலுக்குள்ளிருந்து சிஸ்லாக்கைக் கூப்பிடுவது தப்பு என்று 2001-லேயே பத்திரமான ஒரு சிஸ்லாக்கை எழுதி அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் செய்த சரியான வேலை, யாரும் கைதட்டாத வேலை, அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றியது.

இதுவரை வாசித்தவர்கள் சரி, அப்போது எல்லாப் பிழையையும் செக்யூரிட்டி என்றே அறிவித்துவிடலாமே என்பீர்கள். அதையும் ஒருவர் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார், லினக்ஸ் கர்னல் குழு. அவர்கள் வழி வேடிக்கையானது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2008-லேயே செக்யூரிட்டி பிழைகளைத் தனியாகத் தூக்கி வைத்துக் கொண்டாடுவது பிடிக்காது, அவையும் சாதாரணப் பிழைகள்தான், சாதாரணப் பிழைகள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் அவைதான் முக்கியம் என்றார். அந்தச் சூட்டில் ஓபன்பிஎஸ்டி ஆட்களை இங்கே அச்சிட முடியாத ஒரு வார்த்தையாலும் திட்டினார், அவர்கள் செக்யூரிட்டியைத் தவிர எதையும் பார்ப்பதில்லை என்று. எனக்கென்னவோ இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து சொல்கிறார்கள் என்று படுகிறது. சொல்லப்போனால் ஓபன்பிஎஸ்டிக்குக் கொடுத்த அதே மோசமான பதில் விருதை 2009-ல் லினக்ஸுக்கும் கொடுத்தார்கள், மெமரியைக் கெடுக்கும் பிழையை எல்லாம் வெறும் க்ராஷ் என்றே நினைத்துக்கொண்டதற்காக.

2024 பிப்ரவரியில் கர்னல் குழு சிவிஇ எண்களை (வெளியே தெரிந்த ஒவ்வொரு ஓட்டைக்கும் கொடுக்கும் அடையாள எண்) தாங்களே வழங்கும் உரிமையை வாங்கியது. கர்னல் இருக்கும் இடத்தைப் பார்த்தால் எந்தப் பிழையும் ஓட்டையாக மாறக்கூடும், சரிசெய்யும்போது அது தெரிவதில்லை, அதனால் நாங்கள் கண்ணில் படும் திருத்தங்களுக்கெல்லாம் எண் கொடுப்போம் என்று ஆவணத்திலேயே எழுதினார்கள். தர்க்கம் அசைக்க முடியாதது. விளைவு, ஆயிரக்கணக்கில் சிவிஇ.

அது ஆபீஸில் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஸ்கேனர் ரிப்போர்ட் வரும், பக்கம் பக்கமாகக் கர்னல் எண்கள், பாதி எங்கள் சர்வரில் இல்லவே இல்லாத வைஃபை சிப்புக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்குமான டிரைவர்கள். ஆடிட்டருக்கு ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். டீமில் இரண்டு பேர் எக்ஸலில் "பொருந்தாது, பொருந்தாது" என்று நிரப்புவதையே வேலையாகச் செய்தார்கள், அந்த நேரத்தில் சர்வரை அப்டேட் செய்து ரீபூட் பண்ணியிருக்கலாம். தெருவில் எல்லா வாசலிலும் நாய்கள் ஜாக்கிரதை என்று போர்டு இருந்தால் எந்த வீட்டில் நிஜமாக நாய் இருக்கிறது என்று தபால்காரருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் இதில் கர்னல் குழுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சொல்லவருவது, ஒவ்வொரு எண்ணாகப் பொறுக்காதே, ஸ்டேபிள் கர்னல் (திருத்தங்கள் சேர்ந்த வெளியீடு) வந்தால் முழுசாக எடுத்துப் போடு என்பது. சிஸ்பேட்ச் செய்வதும் அதையேதான். பொறுக்கியே தீருவேன் என்று நிற்பது கம்பெனிகள். ஒவ்வொரு பிழையையும் ஆபத்தாக நினைத்துச் சரிசெய்வது கோடு எழுதுகிறவர்களின் வேலை, அதில் சலுகையே கூடாது. அதை ஓட்டுகிறவர்கள் அந்தப் பயத்தையும் சேர்த்து வாங்கி ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் போட வேண்டியதில்லை, திருத்தம் வந்தால் தாமதிக்காமல் போட்டால் போதும். பேட்ச் போட்டால் வேறு ஏதாவது உடைந்துவிடுமே என்ற பயம் நியாயமானது, நானும் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சின்னச் சின்னதாக அடிக்கடி வருவது நல்லது என்கிறேன். ஓபன்பிஎஸ்டி பேட்ச்கள் அப்படித்தான் வருகின்றன, ஒரு வெளியீட்டின் ஆயுளில் கைக்கு அடங்கும் எண்ணிக்கையில். பிடிக்கவில்லை என்றால் கடைசியாகப் போட்டதைத் திரும்ப எடுக்கவும் வழி இருக்கிறது.

இந்தக் கொள்கை இவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? பொருளைக் குறைத்துக்கொள்வதால்தான். பராமரிக்க ஆளில்லை என்றதும் 2014-ல் ப்ளூடூத்தை அப்படியே பிடுங்கி எறிந்தார்கள். அப்புறம் லினக்ஸ் செயலிகளை ஓட்டும் வசதியும் போனது. 2018 ஜூனில் இன்டெல் சிப்பின் ஹைப்பர்த்ரெடிங்கை (ஒரு கோரை இரண்டு போல ஓட்டும் வசதி) நம்ப முடியாது என்று தானாகவே அணைத்து வைத்தார்கள், வேகம் போகிறது என்று எல்லாரும் சிரித்தார்கள், ஆகஸ்டில் ஃபோர்ஷேடோ என்ற இன்டெல் சிப் ஓட்டை வெளியான பிறகு சிரிப்புச் சத்தம் குறைந்தது. உலகத்தில் உள்ள எல்லா ஹார்டுவேருக்கும் டிரைவர் சுமக்கும் லினக்ஸால் இப்படிச் செய்ய முடியாது, செய்யச் சொல்லவும் கூடாது. என் பழைய லேப்டாப்பின் மவுஸ் ப்ளூடூத்தில் ஓடவில்லை என்று முனகிக்கொண்டே வயர் மவுஸ் வாங்கியவன் நான், கொள்கை நன்றாக இருக்கிறது என்பதற்காக மவுஸ் ஓடிவிடாது.

முகப்பு வாசகத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. இரண்டே ஓட்டைகள் என்பது இன்ஸ்டால் செய்தபடியே வைத்திருந்தால் மட்டும், அதில் வெளியே திறந்திருப்பது கிட்டத்தட்ட எதுவுமில்லை. 2019 டிசம்பரில் பயனர் பெயர் ஹைஃபனில் தொடங்கினால் அதைக் கட்டளையின் ஆப்ஷன் என்று எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே விடும் பிழை வந்தது. அடுத்த மாதம் அவர்களுடைய மெயில் சர்வரில், அனுப்புநர் முகவரிக்குள் கட்டளையை வைத்தால் ரூட்டாக ஓடும் பிழை. மெயில் சர்வர் முதலில் உள்ளூர் இணைப்பை மட்டும் கேட்கும்படி இருப்பதால் கணக்கில் வரவில்லை, ஆனால் அதை வெளியே திறந்து மெயில் ஓட்டியவருக்கு அந்தக் கணக்கு ஆறுதலா? முப்பது வருடம் வாசித்தாலும் பிழை இருக்கும். ஹைஃபன் பிழையை குவாலிஸ் சொன்ன 40 மணி நேரத்துக்குள் திருத்தம் வெளியே வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மார்க் போடச் சொன்னால் ரவுட்டர், ஃபயர்வால், சின்ன வெப் சர்வருக்கு ஐந்துக்கு நாலரை, அரை மார்க் போனது ஃபைல் சிஸ்டத்தால். லேப்டாப்புக்கு இரண்டரை, அதுவும் டெர்மினலில் வாழ்பவராக இருந்தால். விலை ஒன்றுமில்லை, பிடித்தால் நன்கொடை கொடுக்கலாம். கடைசி இரண்டு வெளியீடுகளுக்குத்தான் பேட்ச் வரும், அதனால் சிஸ்அப்கிரேட் என்ற கட்டளையை ஓட்டி வெளியீடு வெளியீடாக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், "போட்டுவிட்டு மறந்துவிடலாம்" என்பவர்களுக்கு இது ஒத்துவராது. இன்ஸ்டால் செய்யும் முன் உங்கள் வைஃபை சிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனால் அந்தச் சிப்புக்கான ஃபர்ம்வேர் நெட்டிலிருந்துதான் இறங்கும், பக்கத்தில் ஒரு லேன் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள்.